ஹல்லிங்டனுக்குப் பெண்சாதி கட்டிவைத்தவர்கள்

09.08.2004, திங்கள். புழுக்கம். காற்று இல்லை.

கல்யாணமே செய்யாமல் செத்துப்போன ஒரு மனிதனுக்கு, செத்து நூறு வருடத்துக்குக் கிட்டப் போன பிறகு, நம்முடைய தேவாலயப் பங்கின் விளையாட்டுக் குழு ஒரு பெண்சாதியையும் மூன்று பிள்ளைகளையும் கொடுத்திருக்கிறது. அச்சடித்து. கலரில். பொய் என்று தெரிந்தே. அடியில் "தகவல்: சூ. மரியநாயகம்" என்று என் பெயரையும் போட்டு. இதுதான் நடந்த அநியாயம். முதலில் இதை எழுதிவைக்கிறேன்.

நேற்று மொன்றியல் புறநகரில், கர்க்லாண்ட் மைதானத்தில் உதைபந்தாட்டப் போட்டி. "ஹல்லிங்டன் ஞாபகார்த்தக் கிண்ணம்." கொழும்பில் இருந்த பந்தாட்டக்காரன் என்று நான் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துச் சூட்டிய பெயர். நகரசபை உறுப்பினர் வந்தார், கை தட்டினார், கண்ணாடியைத் துடைத்தார், போனார். சிறப்பு மலர் கையில் தந்தார்கள். மூன்றாம் பக்கம் திறந்தேன். ஒரு தாடிக்காரன் படம். எந்தத் தாடிக்காரனோ. ஹல்லிங்டனின் படம் உலகத்தில் எங்கும் கிடைக்கவில்லை என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

படத்துக்குக் கீழே, சொல்லுக்குச் சொல் இப்படி:

"இங்கிலாந்தைப் பிறப்பிடமாகவும், கொழும்பைப் பணியிடமாகவும், மொன்றியலை வதிவிடமாகவும் கொண்டிருந்த அமரர் சி. ஜே. ஹல்லிங்டன் அவர்கள், எலிசபெத்தின் அன்புக் கணவரும், ஜோர்ஜ், ஜேம்ஸ், மேரி ஆகியோரின் பாசமிகு தந்தையும் ஆவார்."

மரண அறிவித்தல். நான்கு வருடம் தேடி எழுதிய வரலாற்றை எடுத்து, நேற்றுச் செத்தவனுக்கு வானொலியில் வாசிப்பது போல வாசித்திருக்கிறார்கள்.

ஹல்லிங்டன் (இனி ஹ.) யார்? வயது எழுபத்தொன்று. நாளைக்கு எனக்கே மறந்துபோகலாம். அதற்காக:

– விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்துக்காரன். கத்தோலிக்கன். பணக்கார வீட்டுப் பிள்ளை. கூலி வாங்காமல் பந்தாடும் கனவான்களின் குழு ஒன்றில் முன்வரிசை ஆட்டக்காரன்.
– ஒரு கிண்ணத்தின் இறுதியாட்டம் வரை போனான். தோற்றான்.
– பிறகு கொழும்பு. கோப்பி வியாபாரம். கோப்பிச் செடிக்கு நோய் வந்து எல்லாம் அழிந்தது.
– பிறகு மொன்றியல். தேயிலை வியாபாரம். துறைமுகத்துக்குக் கிட்ட கடை. ஏரிக்கரையில் கோடைவீடு.
– தனியாகச் செத்தான். சென்ட்-ஆன் பக்கத்தில், ஏரிக்கரைச் சேமக்காலையில் புதைத்தார்கள்.

அவனுக்குப் பக்கத்துக் குழியில் திரேசா. என் மனைவி. 2000 மே.

இந்த வசந்தத்தில் சேமக்காலைக் காரியாலயம் ஹ.வின் கல்லில் ஒரு அறிவித்தல் ஒட்டியது. இடத்தின் தவணை எப்போதோ முடிந்துவிட்டது. ஆகஸ்ட் 31க்குள் யாரும் பொறுப்பெடுக்காவிட்டால் கல் அகற்றப்படும், குழி வேறொருவருக்குப் போகும். வாரிசு எவரும் இல்லையென்றால் மாத்திரம் வெளியாள் பொறுப்பெடுக்கலாம். மே மாதமே விண்ணப்பம் கொடுத்தேன். வாரிசு இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

இப்போது மூன்று வாரிசு. என் பெயரோடு.

10.08, செவ்வாய். புழுக்கம். ரெஜினா வேலைக்குப் போகுமுன் யன்னல்களை எல்லாம் சாத்திவிட்டுப் போயிருக்கிறாள், ஏசி போட்டதாம். ஏசி வேலை செய்யவில்லை.

(ரெஜினா: என் தமையனின் மகள், எனக்குப் பெறாமகள். இது அவளுடைய வீடு. கீழ்த்தளம் எனக்கு. கார்டரியில் வேலை, குழந்தைகளைப் பார்ப்பது.)

காலை ஒன்பதுக்கு அருள்நேசனுக்கு போன். குழுச் செயலாளர். ஐம்பத்தைந்து வயதில் இன்னும் விளையாட்டுச் சட்டை போடுகிறவர்.

"அண்ணை, மலர் நல்ல வடிவா வந்திருக்கு எண்டு சனம் முழுக்கச் சொல்லுது. நீங்கள் ஒராள்தான் குறை பிடிக்கிறியள்."

"எலிசபெத் ஆர் தம்பி?"

"ஒரு பேர்தானே அண்ணை. வெள்ளைக்காரருக்குள்ள எலிசபெத் இல்லாத குடும்பம் இருக்கே?"

"கலியாணம் முடிக்கேல்லை எண்டு ரெண்டு இடத்திலை எழுதித் தந்தனான்."

"தந்தனீங்கள், இல்லையெண்டேல்லை. அதுதான் பிரச்சினையே. பெண்சாதி பிள்ளையள் இல்லாத மனிசன்ரை பேரிலை கிண்ணம் வைச்சால் சனம் என்ன கதைக்கும்? பக்கமும் பாதி வெறுமையாக் கிடக்கும்."

"தேயிலை வழக்கு எங்கை?"

"ஐயோ அண்ணை, பிள்ளையள் வாசிக்கிற மலர்."

"உங்கட பிள்ளையளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமே?"

"அதுக்குத்தான் ராகவன் ஐயா பிரெஞ்சிலையும் மொழிபெயர்த்துத் தந்தவர்."

வைத்துவிட்டேன்.

தேயிலை வழக்கு. இதை வெட்டியதுதான் எனக்கு எலிசபெத்தைவிட எரிச்சல். கூலி வாங்கிப் பந்தாடுபவனோடு ஒரே மைதானத்தில் நிற்பது இழிவு என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவன் ஹ. நெசவாலைத் தொழிலாளிகளின் குழு ஒன்று, ஒளித்துக் கூலி வாங்குகிறார்கள் என்று சந்தேகம். அவர்களோடு ஆட மறுத்து, உடுப்பை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனான். அப்பன் உழைப்பில் பந்தாடுபவனுக்குக் கூலி இழிவுதான். அதே மனிதன் மொன்றியலில் ஒருமுறை ஊறவைத்த தேயிலையைக் காயவைத்து நல்ல தேயிலையோடு கலந்து விற்று, நீதிமன்றத்தில் நின்றான். குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. அதற்குப் பிறகும் கடை நடந்தது.

இரண்டும் ஒரே ஆள். மைதானத்தில் அவ்வளவு சுத்தம், கடையில் இவ்வளவு ஊத்தை. இது இரண்டையும் சேர்த்துச் சொன்னால் வரலாறு. பாதியை வெட்டினால் மரண அறிவித்தல்.

எனக்கு ஹ. மீது பாசம் கிடையாது. எழுதிவைக்கிறேன். மனிதன் நல்லவன் இல்லை. ஆனால் இல்லாத பிள்ளைகளை அவன் பெறவில்லை.

மதியம்: பருப்பு, கத்தரிக்காய். உப்புக் கூட.

11.08, புதன். விடிய மழை, பிறகு வெயில்.

சேமக்காலை. இரண்டு பஸ், இருபத்தைந்து நிமிட நடை. இந்தப் பக்கத்தில் பஸ் என்பது இருப்பவன் இல்லாதவனுக்குக் காட்டும் இரக்கம். மணிக்கு ஒன்று.

திரேசாவின் கல் சுத்தம். ஹ.வின் கல் ஏரிப்பக்கம் சாய்ந்தபடி. செம்மஞ்சள் நாடா கட்டியிருக்கிறார்கள். கல்லில் உள்ளது இவ்வளவுதான்: பெயர். "கொழும்பிலும் இந்நகரிலும் வியாபாரி." அதன் கீழே சின்ன எழுத்தில்: "அவருடைய களஞ்சியக்காரன் நாட்டியது." களஞ்சியக்காரனின் பெயர் இல்லை. பந்து என்று ஒரு சொல் இல்லை. "கொழும்பு" என்று ஆங்கிலத்தில் வெட்டியிருப்பதைத்தான் திரேசாவை அடக்கம் செய்த அன்று கண்டேன். குருவானவர் செபம் சொல்லிக்கொண்டிருந்தார், நான் பக்கத்துக் கல்லை வாசித்துக்கொண்டிருந்தேன். ரெஜினா முழங்கையால் இடித்தாள்.

அதற்குப் பிறகுதான் எல்லாம். சென்ட்-ஆன் நூலகத்தில் பழைய பத்திரிகைச் சுருள்கள். கையில் அகராதி. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். இங்கே பதினெட்டு வருடம் உடுப்பு ஆலையில் பெட்டி கட்டியவன். மரணச் செய்தியில் இரண்டே வரி: இளமையில் லண்டன் பந்தாட்டத்தில் பேர் பெற்றவர் என்று. லண்டனுக்கு ஏழு கடிதம். ஒரே ஒரு கிழவன் பதில் போட்டான். அந்தக் காலத்தில் கோல் கம்பத்துக்கு மேலே குறுக்குச் சட்டம் கிடையாதாம், நாடாதான் கட்டுவார்களாம். ஹ. அடித்த பந்து நாடாவுக்கு மேலே போனதா கீழே போனதா என்று அரைமணி நேரம் சண்டை பிடித்திருக்கிறார்கள். கனவான்கள்.

அங்கே உட்கார இடம் கிடையாது. நான்கு வருடமாக ஹ.வின் கல்லில்தான் முதுகு சாய்ப்பது. வேறு காரணம் வேண்டுமென்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் வேறு காரணம் இல்லை.

புல் வெட்டுகிறவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தான். கல்லைக் காட்டி, "ஃபமீய்?" என்றான். குடும்பமா என்று.

"நோ," என்றேன். "வுவாசென்." அயலவன்.

சிரித்தான். தொப்பியைத் தூக்கினான். பங்கில் எவரும் எனக்கு இவ்வளவு மரியாதை தந்ததில்லை.

13.08, வெள்ளி. மப்பும் மந்தாரமும்.

சேமக்காலைக் காரியாலயத்திலிருந்து போன். எடுத்தது ரெஜினா, அவளுக்கு இன்று விடுமுறை. நான் பக்கத்தில் நின்றேன். அவள் பிரெஞ்சில் கதைக்கக் கதைக்க முகம் மாறிக்கொண்டு வந்தது.

"சித்தப்பா, காரியாலயத்து மதாம் சொல்லுறா, உங்கட விண்ணப்பத்திலை வாரிசு இல்லையெண்டு கிடக்காம். ஆனால் உங்கட கட்டுரையிலை மூண்டு பிள்ளையளாம்."

"என்ரை கட்டுரை இல்லை."

"உங்கட பேர் கிடக்காம்."

"அவையிட்டை அது எப்பிடிப் போனது?"

கேட்டாள். ராகவன் கொண்டுபோய்க் கொடுத்தாராம். பிரெஞ்சு மொழிபெயர்ப்பை. உதவியென்று நினைத்து. இவ்வளவு பெரிய மனிதர், கிண்ணம் வைத்துக் கொண்டாடுகிறோம், கல்லை எடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

மதாமின் முடிவு: மூன்று பிள்ளைகள் இருந்திருந்தால் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுடைய சம்மதம் இல்லாமல் வெளியாளுக்குக் கொடுக்கமுடியாது. அவர்களைத் தேடித் தாருங்கள். அல்லது 31ந் தேதி கல் போகும்.

"மேரியின்ர பேரப்பிள்ளையளை நான் எங்கை தேட?" என்றேன். "அருள்நேசன்ரை மண்டைக்குள்ளயோ?"

ரெஜினா சிரிப்பை அடக்கினாள். அடக்கியதை நான் கண்டேன்.

தொலைக்காட்சியில் ஏதென்ஸ். கொடி, நெருப்பு, ஓட்டம். அணைத்துவிட்டேன்.

15.08, ஞாயிறு. மாதாவின் விண்ணேற்புத் திருநாள். வெயில்.

பூசை முடிய மண்டபத்தில் தேநீர், ரோல்ஸ். நல்ல சனம். அருள்நேசன் ரோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில், வழக்கம்போல. நான் வருவதைக் கண்டதும் நாலு பேருக்குக் கேட்கச் சொன்னார்:

"வாங்கோ அண்ணை! உங்கட ஆள் இன்னும் கோல் போடேல்லையே?"

சிரிப்பு. எனக்கும் கேட்டது.

"போட்டவர்," என்றேன். "உங்கட கோலுக்குள்ள. மூண்டு பிள்ளை."

சிரிப்பு கொஞ்சம் அந்தப் பக்கம் போனது. அருள்நேசனின் காது சிவந்தது. என் கையைப் பிடித்து ஒதுக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார். காரியாலய விஷயத்தைச் சொன்னேன். ஒரு வரி எழுதித் தரக் கேட்டேன்: மனைவி பிள்ளைகள் பற்றிய செய்தி குழு சேர்த்தது, உண்மையில்லை என்று.

"அதெப்பிடி அண்ணை? மலர் நகரசபைக்கும் போயிட்டுது. பொய் எழுதினனாங்கள் எண்டு நாங்களே எழுதித் தாறதே?"

"பொய்தானே எழுதினனீங்கள்."

"பொய்யெண்டு சொல்லாதையுங்கோ. ஒரு முறை இருக்கெல்லோ. செத்த மனிசனை அப்பிடித்தான் எழுதிறது. நான் ஒண்டும் என்ரை தலைக்குள்ளாலை எடுக்கேல்லை. பாத்துத்தான் எழுதினனான்."

"எதைப் பாத்து?"

சத்தத்தைக் குறைத்துச் சொன்னார், அதற்கு மட்டும் அவருக்கு நன்மை உண்டாகட்டும்.

"திரேசக்காவின்ரை முப்பத்தொராம் நாள் மலர். நீங்கள் எழுதினது. பங்கிலை அதைவிட வடிவா ஒருத்தரும் எழுதேல்லை அண்ணை. எல்லாரும் அதைப் பாத்துத்தான் இப்ப எழுதுறது. நானும் பேரை மட்டும் மாத்தினனான்."

ரோல்ஸ் எடுக்கவில்லை. தேநீரும் குடிக்கவில்லை. வந்துவிட்டேன்.

16.08, திங்கள். மழை.

திரேசாவின் நினைவுமலரை எடுத்துப் பார்த்தேன். பெட்டிக்குள் பதினொரு பிரதி. நாலு வருடமாகத் திறக்கவில்லை. முதல் பக்கம் படம். இரண்டாம் பக்கம்:

"...மரியநாயகத்தின் அன்பு மனைவியும், ரெஜினாவின் பாசமிகு தாயாரும் ஆவார்."

எங்களுக்குப் பிள்ளை இல்லை. ரெஜினா என் தமையனின் மகள். இருபத்திரண்டு வயதில் இங்கே வந்தாள், எங்களோடு இருந்தாள். திரேசாவை அவள் சித்தி என்றுதான் கூப்பிட்டாள், கடைசி நாள் வரைக்கும்.

ஏன் அப்படி எழுதினேன்? நினைவிருக்கிறது. அச்சகத்தில் இருந்து வந்த மாதிரிப் பக்கத்தில் என் பெயருக்குப் பிறகு இடம் வெறுமையாகக் கிடந்தது. வேறு மலர்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அந்த இடத்தில் ஐந்து பேர், எட்டுப் பேர். திரேசாவுக்கு ஒன்றும் இல்லை. பேனாவை எடுத்து ரெஜினாவைப் போட்டேன். யாரையும் கேட்கவில்லை.

வெறுமையாகக் கிடந்தது. அருள்நேசன் போனில் சொன்னதும் அதேதான்.

இரண்டும் ஒன்றல்ல என்று காலை முழுக்க எனக்குள் வாதாடினேன். ரெஜினா உயிரோடு இருப்பவள், எலிசபெத் இல்லாதவள். ரெஜினா எங்கள் இரத்தம். ரெஜினா திரேசாவின் மருந்துக்குளிகைகளைக் காலை மாலை பிரித்துவைத்தவள். எல்லாம் சரி. ஆனாலும் திரேசா அவளைப் பெறவில்லை. அச்சில் உள்ளது பொய். அதையும் நான் எழுதினேன், என்னுடைய வடிவான தமிழில், மற்றவன் பார்த்து எழுதும் அளவுக்கு.

பிறகு இன்னொன்று ஞாபகம் வந்தது. சேமக்காலைப் படிவம். திரேசாவின் குழிக்குக் கையெழுத்து வைத்தபோது, எனக்குப் பிறகு உரித்துடையவர் என்ற இடத்தில் எழுதியது: மகள், ரெஜினா.

ஆக, எனக்குப் பிறகு அந்த மதாம் மகளைத் தேடுவாள். மகள் என்பதற்குப் பத்திரம் கேட்பாள். ரெஜினாவின் பிறப்புச் சான்றிதழில் வேறு தாய். அப்போது திரேசாவின் கல்லிலும் செம்மஞ்சள் நாடா.

அருள்நேசனைத் திட்டுவதற்கு நேற்று எழுதிவைத்த கடிதத்தைக் கிழித்தேன். மன்னித்ததால் அல்ல. அதில் இருந்த வசனம் எல்லாம் எனக்கும் பொருந்தியது. அதனால்.

18.08, புதன். வெயில்.

இல்-பிசார். ராகவன் வீடு. இந்த ஊருக்கு ஏன் பஸ் விட்டார்கள், விட்டால் ஏன் நிறுத்தினார்கள். பாலத்துக்கு இப்பால் இறங்கி நடந்தேன். வழியில் ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் ஒரு படகு, தண்ணீரைக் காணாத படகு.

ராகவன்: மதராஸ் பொறியியலாளர், ஓய்வு. பிரெஞ்சு நன்றாக வரும். தோட்டத்தில் தக்காளிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்.

"சார், நான் என்ன பண்றது? அவங்க குடுத்ததை அப்படியே மொழிபெயர்த்தேன். பிள்ளைங்க பேரெல்லாம் இருந்துச்சே."

"வாசிக்கேக்கை ஒரு சந்தேகமும் வரேல்லையோ?"

"வந்துச்சு சார். பாசமிகுங்கறதை பிரெஞ்சுல எப்படி எழுதறதுன்னுதான் சந்தேகம்."

படித்த மனிதர். ஒரு அணையை இடத்தில் நிறுத்தத் தெரியும், ஒரு வரியில் பொய்யைப் பிடிக்கத் தெரியாது. ஆனால் உள்ளே கூட்டிப்போய் மோர் தந்தார். ஹ.வின் அடக்கப் பதிவேட்டுப் பிரதியை நான் கொண்டுபோயிருந்தேன். அதில் பிரெஞ்சில் "மணமாகாதவர்" என்று தெளிவாக இருப்பதைக் காட்டினேன்.

"இது போதும் சார், ஏறக்குறைய. இதோட, அந்தப் பக்கத்தை எழுதினவங்க தப்புன்னு ஒரு கையெழுத்து போட்டா முடிஞ்சுது. நானே அந்த அம்மாகிட்ட கொண்டுபோறேன். அன்னைக்கு தப்பா கொண்டுபோனது நான்தானே."

அது நேர்மை. ஏற்றுக்கொண்டேன். நன்றி சொல்லவில்லை, மோருக்குச் சொன்னேன்.

புறப்படும்போது திரேசாவின் படிவத்தை எப்படித் திருத்துவது என்று கேட்டேன். தக்காளியைப் பார்த்தபடி நின்றார்.

"அதுக்கு உங்க பொண்ணு கையெழுத்து வேணும் சார்."

"பொண்ணு இல்லை."

"ஆமா, சாரி. அவங்க கையெழுத்துதான்."

20.08, வெள்ளி. மாலை குளிர் காற்று. ஆகஸ்டிலேயே.

ரெஜினாவிடம் சொன்னேன். வேலையால் வந்து, கையில் இருந்த நீலச் சாயத்தைக் கழுவிக்கொண்டு நின்றாள். குழந்தைகள் பூசிவிட்டதாம். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்: மலர், படிவம், நாடா, பத்திரம். தண்ணீரை நிறுத்தாமலே கேட்டாள்.

"இப்ப என்ன, நான் மகள் இல்லையெண்டு எழுதித் தரோணுமோ?"

"உண்மைதானே."

"உண்மைதான். அதை நாலு வரியத்துக்கு முந்திச் சொல்லியிருக்கலாம். நான் கேட்டனானே மகள் எண்டு போடச்சொல்லி?"

குழாயை மூடினாள்.

"சித்தி ஒருநாளும் தன்னை அம்மா எண்டு கூப்பிடச் சொன்னதில்லை. ஏன் தெரியுமே? அம்மாவுக்கு நோகும் எண்டு. அந்தப் புத்தகம் யாழ்ப்பாணத்துக்குப் போனது சித்தப்பா. நீங்கள்தான் அனுப்பினனீங்கள், ரெண்டு பிரதி, விமானத் தபாலிலை. அம்மா வாசிச்சுப்போட்டு எனக்கு போன் எடுத்தவ. 'உன்னை அவைக்குக் குடுத்துப்போட்டன் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே' எண்டு கேட்டவ. பேந்து அவ அதைப் பற்றிக் கதைக்கவேயில்லை. நானும் உங்களிட்டைச் சொல்லேல்லை. சித்தி செத்த வீடு."

ரெஜினாவின் தாய் என் மச்சாள். தமையன் போன பிறகு தனியாக இருப்பவள். ஒவ்வொரு டிசம்பரிலும் நத்தார்ப் பண்டிகைக்கு எனக்கு வாழ்த்துமடல் போட்டவள். யோசித்துப் பார்த்தேன். நாலு நத்தார். வரவில்லை. தபால் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசி இரண்டு நத்தாருக்கும் போர் இல்லை, சமாதான காலம், தபால் ஒழுங்காகத்தான் போய் வந்தது.

நான் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. கேட்கவும் இல்லை. நின்றேன்.

கையைத் துடைத்துவிட்டு அவளே சொன்னாள்: "பெறாமகள் எண்டு போடுங்கோ. அதுதானே நான். பெறாமகளுக்குக் கல்லுப் பாக்க ஏலாதெண்டு அந்த மதாம் சொன்னால் நான் கதைக்கிறன். உங்களைவிட எனக்குப் பிரெஞ்சு வரும்."

பிறகு சாப்பாடு. புட்டு.

22.08, ஞாயிறு. வெயில்.

பூசைக்குப் பிறகு வாசலில் அருள்நேசன். இன்று கேலி இல்லை. கையில் மடித்த கடதாசி. தட்டச்சு செய்த வரி இருந்தது, கையெழுத்து இல்லை.

"அண்ணை, கமிட்டியிலை கதைச்சனாங்கள். நான் வைக்கிறன். ஆனால் ஒண்டு."

"என்ன?"

"திரேசக்காவின்ரையிலையும் நீங்கள் திருத்தோணும். சனத்துக்குத் தெரியத் திருத்தோணும். நான் மட்டும் பொய்க்காரன் எண்டு நிக்க மாட்டன். நீங்களும் பக்கத்திலை நில்லுங்கோ."

அவருக்கு எப்படித் தெரியும்? ரெஜினா மகள் இல்லை என்பது பங்கில் எல்லோருக்கும் தெரியுமாம். அன்றைக்கே தெரியுமாம். மலரை வாசித்துவிட்டு, பாவம் மனிசன், விடுங்கோ என்று விட்டார்களாம்.

பாவம் மனிசன். நாலு வருடமாக இந்த மண்டபத்தில் நான் ஒவ்வொருவனையும் அறிவில்லாதவன் என்று எண்ணிக்கொண்டு நின்றேன். ஒவ்வொருவனும் என்னைப் பார்த்து இதை எண்ணிக்கொண்டு ரோல்ஸ் தின்றிருக்கிறான்.

"தேயிலை வழக்கையும் போடோணும்," என்றேன்.

"அண்ணை..."

"போடோணும். இல்லையெண்டால் நான் நிக்க மாட்டன்."

பெருமூச்சு விட்டார். "சரி அண்ணை. தேயிலை வழக்கும்."

"தாடிக்காரனை எடுக்கோணும்."

"அந்தப் படம் வடிவா இருந்ததண்ணை."

"எடுக்கோணும்."

23.08, திங்கள். காற்று. எட்டு நாள் இருக்கிறது.

செய்யவேண்டியவை:

1. அருள்நேசன்: கடதாசியில் கையெழுத்து, நாளை. எலிசபெத், ஜோர்ஜ், ஜேம்ஸ், மேரி நாலு பேரும் இல்லை என்று பெயர் பெயராக. பொதுப்படையாக எழுதினால் திருப்பி அனுப்புவேன்.

2. ராகவன்: அதைப் பிரெஞ்சில். பதிவேட்டுப் பிரதியோடு மதாமிடம், வியாழனுக்குள். பாசமிகு வேண்டாம்.

3. அருள்நேசன்: திருத்திய பக்கம், தனித் தாளாக, அடுத்த ஞாயிறு மண்டபத்தில் எல்லோர் கையிலும். தேயிலை வழக்கு உட்பட. நெசவாலைக்காரரோடு ஆட மறுத்தது உட்பட. களஞ்சியக்காரன் கல் நாட்டியது உட்பட. படம் இல்லாமல். அடியில் என் பெயர் இருக்கலாம்.

4. புல் வெட்டுகிறவன்: கல்லை நிமிர்த்த இரும்புக்கம்பி அவனிடம் இருக்கிறது. கேட்கவேண்டியது நான். பிரெஞ்சில் எப்படி என்று ரெஜினாவிடம் கேட்டு எழுதிவைக்க.

5. ரெஜினா: திரேசாவின் படிவத்தில் கையெழுத்து. "பெறாமகள்." இந்த வெள்ளி அவளுக்கு விடுமுறை, என்னையும் காரில் கூட்டிப்போக.

6. நான்: திரேசாவின் மலர், பதினொரு பிரதியிலும் அந்த வரியை வெட்டி, மேலே எழுத: "பிள்ளைகள் இல்லை. பெறாமகள் ரெஜினா." மையால். பென்சிலால் அல்ல.

7. நான்: பங்கில் யார் யார் வீட்டில் பிரதி இருக்கிறதோ அங்கெல்லாம் போய், அதையும். வாசலில் நின்று. தேநீர் தந்தால் குடிக்க.

8. நான்: ஞாயிறு மண்டபத்தில் அருள்நேசனுக்குப் பக்கத்தில் நிற்க.

9. நான்: யாழ்ப்பாணத்துக்கு, மச்சாளுக்குக் கடிதம். கையெழுத்தில். வடிவான தமிழ் வேண்டாம். ரெஜினா உங்களுடைய மகள் என்று முதல் வரியில். மற்ற எட்டுக்கும் முன்னால் இது. இன்றைக்கு, தபால்காரன் வருமுன்.